ரேவதி காத்திருந்த இருபது நிமிஷம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. உட்கார்ந்து பொறுமையாப் படிங்க. திருவிழா அறிவிப்பு இல்லை, அன்னதானக் கணக்கும் இல்லை. ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு நாங்க தப்பாப் பதில் சொல்லிட்டோம். அதைத் திருத்தத்தான் எழுதுறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை முடிஞ்சதும் நம்ம கோயில் மண்டபத்துல பிள்ளைங்களுக்குக் கதை சொல்ற நேரம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். தொண்டூழியர்கள் நாலு பேர் மாறி மாறிச் சொல்றோம். யாரும் புலவர் இல்லை. ஒருத்தர் பேருந்து ஓட்டுறவர், ஒருத்தர் இல்லத்தரசி, மத்தவங்க ஜூரோங் தொழிற்சாலைகள்ல வேலை. பெரியவங்க கிட்ட கேட்டது, கிருபானந்த வாரியார் சுவாமிகள் சொற்பொழிவுல கேட்டது, சின்ன வயசுல அம்புலிமாமாவுல படிச்சது, இதுதான் எங்க கையிருப்பு.

போன மாசம் உயர்நிலை ஒண்ணு படிக்கிற ஒரு பொண்ணு, நூலகத்துல எடுத்த தடிமனான ஆங்கிலக் கதைப் புத்தகத்தோட வந்துச்சு. பக்கத்துல இருந்த பாட்டி ஒருத்தர் என்ன கதைன்னு கேட்டாங்க. "பாண்டவர் அஞ்சு பேரும் இந்தக் காலத்துல அமெரிக்காவுல பொண்ணுங்களாப் பொறந்திருக்காங்க பாட்டி. ஒரு விளக்கை ஏத்தினதும் காலமே நின்னு போயிடுது" அப்படின்னு அது ஆசையாச் சொல்லுச்சு. பாட்டிக்கு முகம் மாறிப் போச்சு. "சாமி கதையை வெச்சா விளையாடுறாங்க? கோயிலுக்குள்ள இதெல்லாம் எடுத்துட்டு வரலாமா?" அப்படின்னு எங்க பக்கம் திரும்பிட்டாங்க. அந்தப் பொண்ணும் எங்களைத்தான் பார்த்துச்சு. "அங்கிள், காலம் தாண்டிப் போறதெல்லாம் நம்ம சாமி கதையில இருக்கா, இல்லையா?"

பாட்டியைச் சமாதானப்படுத்தணும், பிரசாதம் கொடுக்க நேரமாச்சு. "அதெல்லாம் வெளிநாட்டுக்காரங்க கற்பனைமா. நம்ம புராணத்துல அப்படி எதுவும் கிடையாது"ன்னு சொல்லிட்டோம். அது ஒண்ணும் பேசலை. புத்தகத்தைப் பையில வெச்சு மூடிடுச்சு. அடுத்த மூணு வாரம் வரலை.

அந்த மூணு வாரத்துல நாங்க தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்கே எழுதுறோம்.

முதல்ல அந்தப் புத்தகம். பேரு 'ஆரு ஷா அண்ட் தி எண்ட் ஆஃப் டைம்'. 2018ல வந்தது. எழுதினவங்க ரோஷனி சோக்ஷி. அப்பா குஜராத்தி, அம்மா பிலிப்பினோ, வளர்ந்தது அமெரிக்கா. ஆக நாங்க சொன்ன மாதிரி சம்பந்தமே இல்லாத வெளிநாட்டுக்காரங்க இல்லை, நம்ம பிள்ளைங்களைப் போல வேற மண்ணுல பொறந்து வீட்டுல கதை கேட்டு வளர்ந்தவங்க. கிரேக்க தெய்வங்களை வெச்சு 'பெர்சி ஜாக்சன்' கதைகள் எழுதின ரிக் ரியோர்டன், மத்த நாட்டுப் புராணங்களை அந்தந்த வழியில வந்தவங்களே எழுதட்டும்னு ஒரு வரிசை ஆரம்பிச்சார். அதுல முதல்ல வந்த புத்தகம் இது. 2022க்குள்ள அஞ்சு பாகம் முடிஞ்சிருச்சு. கதையில ஆருங்கிற பன்னிரண்டு வயசுப் பொண்ணு அட்லாண்டா நகரத்துல ஒரு அருங்காட்சியகத்துல அம்மாவோட இருக்கு. பள்ளிக்கூடத்துல கூடப் படிக்கிறவங்க கிண்டல் பண்ணினதால, தொடக்கூடாதுன்னு சொன்ன பாரத விளக்கை ஏத்திடுது. தூங்கிட்டிருந்த ஒரு அரக்கன் எழுந்துக்கிறான். கூடப் படிக்கிறவங்களும் பெத்த தாயும் அப்படியே சிலையா நின்னு போறாங்க. அந்தப் பொண்ணு யாருன்னா, அர்ச்சுனனோட உயிர் மறுபடி பொறந்தது. கூட வர்ற இன்னொரு பொண்ணு தருமரோட உயிர்.

இதைப் படிச்சதும் எங்களுக்கும் கொஞ்சம் நெருடத்தான் செஞ்சுது. அதைப் பத்தி அப்புறம் வர்றோம்.

ஒரு வெள்ளிக்கிழமை அர்த்தஜாம பூஜை முடிஞ்சு மண்டபத்தைக் கூட்டிக்கிட்டு இருந்தோம். குருக்கள் ஐயாகிட்ட இந்தப் பொண்ணு விஷயத்தைச் சொன்னோம். அவர் சிரிச்சுட்டு, "தினமும் அர்ச்சனைக்கு முன்னாடி நான் சங்கல்பம் சொல்றேனே, அதுல என்ன வருதுன்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?"ன்னார். கேட்டதில்லை. பேர், நட்சத்திரம் சொல்றப்போ மட்டும்தான் காது கொடுப்போம். அவர் விளக்கினார். சங்கல்பம்னா நாம எங்கே, எந்தக் காலத்துல நிக்கிறோம்னு சாமிகிட்ட முகவரி சொல்றது. சுவேத வராக கல்பம், அதுல வைவஸ்வத மனுவோட காலம், அதுல இருபத்தெட்டாவது சதுர்யுகத்தோட கலியுகம், அந்தக் கலியுகத்துல முதல் பாதம். அப்புறம்தான் வருஷம், மாசம், திதி எல்லாம். "இருபத்தெட்டாவதுன்னு சொல்றோமே, அந்த இருபத்தேழையும் ஒரே மூச்சுல தாண்டி வந்த ஒரு பொண்ணு இருக்கா. அவ கதையைச் சொல்லுங்க அந்தக் குழந்தைக்கு"ன்னார்.

அந்தப் பொண்ணு பேரு ரேவதி.

ஸ்ரீமத் பாகவதம் ஒன்பதாவது ஸ்கந்தத்துலயும் விஷ்ணு புராணத்துலயும் இந்தக் கதை இருக்கு. வைவஸ்வத மனுவோட வம்சத்துல சர்யாதி, அவர் வழியில ஆனர்த்தன், ரேவதன். ரேவதனுக்கு மகன் ககுத்மி. கடலுக்குள்ள குசஸ்தலின்னு ஒரு பட்டணம் கட்டி ஆண்ட வம்சம். ககுத்மிக்கு ஒரே கவலை, தன் மகள் ரேவதிக்குத் தகுந்த மாப்பிள்ளை எவன்னு. பட்டியல் போட்டுப் பார்த்தும் மனசு ஒப்பலை. சரி, படைச்சவரையே கேட்டுடுவோம்னு மகளையும் கூட்டிக்கிட்டு நேரா பிரம்ம லோகம் போயிட்டார். அங்கே ஹாஹா, ஹூஹூன்னு ரெண்டு கந்தர்வர்கள் பாடிக்கிட்டு இருந்தாங்க. பாட்டு நடுவுல குறுக்கிடக் கூடாது இல்லையா? அப்பாவும் மகளும் ஒரு ஓரமாக் காத்து நின்னாங்க. பாட்டு முடிஞ்சுது. ககுத்மி வணங்கி, மாப்பிள்ளைப் பட்டியலை எடுத்துச் சொன்னார். பிரம்மா சிரிச்சார். நீ சொன்னவங்க யாரும் இப்போ இல்லை, அவங்க பிள்ளை, பேரன், கோத்திரத்தோட பேர்கூட இப்போ பூமியில கேட்கலை, நீ நின்ன நேரத்துல அங்கே இருபத்தேழு சதுர்யுகம் ஓடிப் போச்சுன்னார். இப்போ பூமியில பலராமர் இருக்கார், அவருக்குக் கட்டிக் கொடுன்னு அனுப்பி வெச்சார்.

திரும்பி வந்து பார்த்தா ஊர் இல்லை, உறவு இல்லை. குசஸ்தலி இருந்த இடத்துல கண்ணனோட துவாரகை நிக்குது. விஷ்ணு புராணம் இன்னொண்ணும் சொல்லுது. ரேவதி பழைய யுகத்துப் பெண், அதனால ரொம்ப உயரம். பலராமர் தன் கலப்பை நுனியால அவளைத் தணிச்சு, அந்தக் காலத்துப் பெண்கள் உயரத்துக்குக் கொண்டு வந்தாராம். காலம் தாண்டி வந்தவங்க புது இடத்துல பொருந்துறதுக்கு என்ன பாடுபடணும்கிறதை இந்த ஒரு காட்சியில வெச்சிருக்காங்க. படிச்சப்போ எங்க தொண்டூழியர் குழுவுல ஒரு அக்கா, "நாம இந்த ஊருக்கு வந்தப்போ நம்மளையும் இப்படித்தானே சின்னதாக்கினாங்க"ன்னு சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம். ஆனா அவங்க சிரிக்கலை.

இப்போ ஒரு கணக்கு. நாங்க தொழிற்சாலையில ஷிஃப்டு நேரம், உற்பத்தி எண்ணிக்கைன்னு காலம் பூரா கணக்குப் போட்டே பழகிட்டவங்க, அதனால இதையும் போட்டுப் பார்த்தோம். கிருத யுகம் 17,28,000 வருஷம், திரேதா யுகம் 12,96,000, துவாபர யுகம் 8,64,000, கலியுகம் 4,32,000. கூட்டினா ஒரு சதுர்யுகம் 43,20,000 வருஷம். இருபத்தேழால பெருக்கினா 11 கோடியே 66 லட்சத்து 40 ஆயிரம் வருஷம். பிரம்மாவோட ஒரு பகல் ஆயிரம் சதுர்யுகம், அதாவது 432 கோடி வருஷம். அந்தப் பகலை நம்ம கணக்குல பன்னிரண்டு மணி நேரம்னு வெச்சுக்கோங்க. அதுல இருபத்தேழு சதுர்யுகம் எவ்வளவு நேரம்? ஏறக்குறைய பத்தொன்பதரை நிமிஷம்!

கச்சேரியில ஒரு பெரிய உருப்படியை ஆலாபனையோட விஸ்தாரமாப் பாடினா அவ்வளவு நேரம்தான் ஆகும். ரேவதி ஒரு பாட்டுதான் கேட்டா. இதை எழுதினவங்க சும்மா வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லலை. கணக்கைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் கதை சொல்லியிருக்காங்கன்னு எங்களுக்குத் தோணுது.

ரெண்டாவது கதை நம்ம முருகன் சம்பந்தப்பட்டது. பாகவதம் பத்தாவது ஸ்கந்தம். மாந்தாதாவோட மகன் முசுகுந்தன். தேவர்களுக்காக அசுரர்களோட ரொம்ப காலம் போரிட்டுக் காவல் காத்தவர். குகப் பெருமான் தேவசேனாபதியா வந்ததுக்கு அப்புறம்தான் அவருக்கு ஓய்வு. அதாவது முருகன் ஷிஃப்டு எடுத்துக்கிட்டதும் இவரை வீட்டுக்கு அனுப்பினாங்க. ஆனா வீடு எங்கே இருக்கு? தேவர்கள் சொல்றாங்க, உன் மனைவி மக்கள், அமைச்சர், குடிகள் யாரும் இப்போ இல்லை, காலம் கொண்டு போயிடுச்சு, முக்தியைத் தவிர என்ன வேணும்னாலும் கேளுன்னு. முசுகுந்தன் கேட்டது தூக்கம். ஒரு குகையில படுத்துத் தூங்கினார். யுகம் தாண்டி, கண்ணனைத் துரத்திட்டு வந்த காலயவனன் இருட்டுல ஆள் தெரியாம இவரை எட்டி உதைக்க, கண் விழிச்ச பார்வையிலேயே அவன் சாம்பல். கண்ணனைத் தரிசிச்சுட்டு குகையை விட்டு வெளியே வந்தவர், மனுஷங்க, மிருகம், மரம், செடி எல்லாம் சின்னதா இருக்கிறதைப் பார்த்து, கலி வந்துருச்சுன்னு புரிஞ்சுக்கிட்டு வடக்கே தவத்துக்குப் போயிட்டார்.

அவர் வெளியே வந்து திகைச்சது எங்களுக்கு நல்லாவே புரியுது. 1971ல ஜூரோங் டிரைவ்-இன் தியேட்டர் திறந்தாங்க, கார்ல உட்கார்ந்தே படம் பார்க்கலாம். 1985ல மூடிட்டாங்க. அதே 1971ல திறந்த பறவைப் பூங்கா 2023 ஜனவரியில மூடி, பறவைங்க மண்டாய்க்குப் போயிடுச்சு. அன்னிக்கு இங்கே படுத்துத் தூங்கின ஒருத்தர் இன்னிக்கு எழுந்து வந்தா, எந்தப் பக்கம் நடக்கிறதுன்னு தெரியாம நிப்பார். ஒரே வித்தியாசம், இங்கே எல்லாம் சின்னதா ஆகலை, பெருசா ஆயிடுச்சு.

முசுகுந்தன் பேர் நம்ம தமிழ்நாட்டுக் கோயில்லயும் இருக்கு. குரங்கு முகம் கொண்ட முசுகுந்தச் சோழன் இந்திரன்கிட்ட இருந்து ஏழு தியாகராஜ மூர்த்திகளைக் கொண்டு வந்து திருவாரூர், திருநள்ளாறு, நாகப்பட்டினம், திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், திருமறைக்காடுன்னு ஏழு தலத்துல வெச்சதா தலபுராணம் சொல்லும். சப்த விடங்கத் தலம்னு யாத்திரை போனவங்களுக்குத் தெரியும். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்துல கந்தவிரதப் படலத்துலயும் முசுகுந்தன் வர்றார். சஷ்டி விரதம் இருக்கிறவங்க அந்தப் படலத்தை ஒரு தடவை படிங்க. குகையில தூங்கினவரும் இந்தச் சோழரும் ஒரே ஆளான்னு கேட்டா, பெரியவங்க ரெண்டு விதமாவும் சொல்றாங்க. நாங்க அந்தச் சண்டைக்குள்ள போகலை.

இதை வேலையிடத்துல சாப்பாட்டு நேரத்துல சொல்லிட்டு இருந்தோம். மலாய்த் தோழர் ஒருத்தர், "எங்க குர்ஆன்லயும் குகைவாசிகள் கதை இருக்கு. கொடுமைக்குப் பயந்து குகையில ஒளிஞ்ச இளைஞர்கள் முந்நூத்தி ஒன்பது வருஷம் தூங்கி எழுந்தாங்க, ரொட்டி வாங்கப் பழைய காசை நீட்டினப்போதான் விஷயமே வெளியே தெரிஞ்சுதுன்னு சொல்வாங்க"ன்னார். கிறிஸ்தவங்களும் அதே கதையை எபேசு நகரத்து ஏழு பேர்னு சொல்வாங்க. சீனத் தோழர், மலையில ரெண்டு பேர் பலகை ஆட்டம் ஆடுறதை வேடிக்கை பார்த்த ஒரு விறகுவெட்டி கதையைச் சொன்னார். ஆட்டம் முடிஞ்சு பார்த்தா கோடாலிக் காம்பு உளுத்துப் போயிருந்ததாம். ஒருத்தர் பாட்டுக் கேட்டு நின்னார், ஒருத்தர் ஆட்டம் பார்த்து நின்னார். மேசையில பத்து நிமிஷத்துல எல்லா மதமும் ஒரே கதையைச் சொல்லிட்டோம். மணி அடிச்சுது, எழுந்து போயிட்டோம்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாகணும். இந்த ககுத்மி கதையைப் போட்டு, "ஐன்ஸ்டீனுக்கு முன்னாடியே நம்ம ரிஷிகள் கண்டுபிடிச்சாங்க"ன்னு வாட்ஸ்அப்ல வரும். தயவு செஞ்சு பிள்ளைங்ககிட்ட அப்படிச் சொல்லாதீங்க. ஐன்ஸ்டீன் 1905ல சொன்னது கணக்கோட நிரூபிக்கிற விஷயம். செயற்கைக்கோள்ல இருக்கிற கடிகாரம் நம்ம கடிகாரத்தோட ஒத்துப் போகாது, அதைத் திருத்தித்தான் நம்ம கைப்பேசி வழி காட்டுது. புராணம் அந்த வேலைக்கு வந்தது இல்லை. நம்ம வாழ்நாள் எவ்வளவு சின்னதுன்னு மனசுல தைக்கிற மாதிரி சொல்ல வந்தது. பள்ளிக்கூடத்துல அறிவியல் படிக்கிற பிள்ளைகிட்ட ரெண்டையும் குழப்பினா, அது ஒரு நாள் ரெண்டையும் நம்பாமப் போயிடும். ஆனா கதைன்னு பார்த்தா ஒரு உண்மை இருக்கு. காலம் தாண்டிப் போற கதைன்னு உலகம் கொண்டாடுற எச்.ஜி. வெல்ஸ் நாவல் வந்தது 1895ல. ரேவதி கதை அதுக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தினது. இதைத் தலை நிமிர்ந்து சொல்லலாம்.

பாட்டி கோபத்துக்கு வருவோம். அவங்க கேட்டது காலப்பயணம் பத்தி இல்லை. பாண்டவரை எங்கேயோ கொண்டு போய்ப் பொறக்க வைக்கலாமா, கதையை மாத்தலாமாங்கிறதுதான். நியாயமான கேள்வி. நாங்களும் ரொம்ப நேரம் பேசினோம்.

மாத்தினது இன்னிக்கு நேத்து இல்லை. வில்லிபுத்தூரார் தமிழ்ல பாரதம் பாடினார். அதுக்கு முன்னாடி ஒன்பதாம் நூற்றாண்டுலயே பெருந்தேவனார் பாடினார். களப்பலியா அரவான் தன்னைக் கொடுக்கிற கதை தமிழ்ப் பாரதத்துல உண்டு, கூவாகத்துல அவனுக்குத் திருவிழாவே நடக்குது. வியாச பாரதத்துல அந்தக் களப்பலி கிடையாது. மதுரையை ஆண்ட அல்லி ராணியை அர்ச்சுனன் கட்டின கதையைப் பெரிய எழுத்துப் புத்தகத்துல நம்ம பாட்டிங்க ராகம் போட்டுப் படிச்சாங்க. அதுவும் வியாசர் சொன்னது இல்லை. பாரதம் தமிழ்நாட்டுக்கு வந்தப்போ தமிழ்நாட்டுக்காரங்க ஆயிடுச்சு.

இன்னும் கேளுங்க. செஞ்சிப் பக்கம் திரௌபதி அம்மன் வழிபாட்டுல ஒரு கதை சொல்வாங்க. பாரதப் போர் முடிஞ்சு பல தலைமுறை கழிச்சு, அந்தப் பகுதியை ஒரு அசுரன் வாட்டினப்போ, பாண்டவர் வழியில வந்த அரசன் வேண்ட, திரௌபதி மறுபடி தீயில இருந்து தோன்றி வந்து அவனை அழிச்சாளாம். பாரதத்துப் பெண் வேற காலத்துல, வேற ஊர்ல, அங்கே இருக்கிற மக்களைக் காப்பாத்த வர்றா! அமெரிக்காவுல எழுதின புத்தகத்துல இருக்கிறதும் இதே ஏற்பாடுதானே?

அந்த அம்மன் கடல் தாண்டி நம்ம ஊருக்கும் வந்தாச்சு. சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயில், நாராயண பிள்ளை 1827ல அத்தாப்புக் கூரையில ஆரம்பிச்சது. கடலூர், நாகப்பட்டினம் பக்கத்துல இருந்து வந்தவங்கதான் அங்கே நிறைய. அவங்க கூடவே திரௌபதி அம்மன் வந்தா, தீமிதியும் வந்துச்சு. 1840கள்ல இருந்து நடக்குது. ஐப்பசியில தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னாடி, நம்மில் எத்தனை பேர் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்ல இருந்து ராத்திரி நாலு கிலோமீட்டர் நடந்து போய்ப் பூக்குழி இறங்கியிருக்கோம்! கொடியேத்தம், அர்ச்சுனன் தபசு, படுகளம்னு வாரக்கணக்குல பாரதத்தையே அங்கே நடத்திக் காட்டுறாங்க. குருக்ஷேத்திரம் சைனாடவுன் நடுவுல நடக்குது. பூக்குழி முன்னாடி நிக்கிறப்போ, இது எந்த வருஷம், எந்த ஊர்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா? எங்களுக்கு இருந்தது இல்லை.

அதுக்காக அந்தப் புத்தகத்தை அப்படியே ஏத்துக்கிட்டோம்னு நினைக்காதீங்க. நெருடுறது நெருடத்தான் செய்யுது. அதுல பெரியவங்களையும் தெய்வத்தையும் பிள்ளைங்க பேசுற விதம் சில இடத்துல ரொம்ப விளையாட்டு. வில்லிபுத்தூராரும் கூத்துக்காரரும் மாத்தினாங்க, ஆனா விரதம் இருந்து, கும்பிட்டு மாத்தினாங்க. கேட்டவங்களுக்கு மூலக்கதை தெரிஞ்சிருந்துச்சு. இந்தப் புத்தகத்தைப் படிக்கிற பிள்ளைக்கு மூலக்கதை தெரியலைன்னா, கிண்டல் மட்டும்தான் மனசுல நிக்கும். கடைசியில சொல் விளக்கம் கொடுத்திருக்காங்க, நல்ல விஷயம். ஆனா அது போதாது. மூலக்கதையைச் சொல்றது அமெரிக்க எழுத்தாளர் வேலை இல்லை, எங்க வேலை. நாங்க அதைச் செய்யாம, 'கிடையாது'ன்னு கையை விரிச்சோம்.

போன வாரம் அந்தப் பொண்ணோட அம்மாவுக்குப் போன் பண்ணி, பிள்ளைகிட்ட கொடுக்கச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். பதிமூணு வயசுப் பிள்ளைகிட்ட பெரியவங்க மன்னிப்புக் கேட்கிறது எங்களுக்கும் புதுசு, அதுக்கும் புதுசு. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ரேவதி கதையை ஃபோன்லயே சொன்னோம். இருபது நிமிஷக் கணக்கையும் சொன்னோம். அது ஒரு கேள்வி கேட்டுச்சு.

"அங்கிள், ரேவதி கிளம்புறப்போ அவ அம்மா வீட்டுல இருந்தாங்கதானே? ஒரு பாட்டு முடியுறதுக்குள்ள அம்மா இல்லாமப் போயிட்டாங்க. அவ அழுதாளா?"

பாகவதத்தைத் திரும்பப் புரட்டினோம். விஷ்ணு புராணத்தையும் பார்த்தோம். ககுத்மி மகளைக் கட்டிக் கொடுத்துட்டுத் தவத்துக்குப் போனார்னு இருக்கு. பிரம்மா பேசினது இருக்கு, ககுத்மி பேசினது இருக்கு. ரேவதி ஒரு வார்த்தை பேசினதா எழுதலை. கூட நின்னு பாட்டுக் கேட்டவ அவளும்தான். குருக்கள் ஐயாகிட்ட கேட்டோம். அவர் கொஞ்சம் யோசிச்சுட்டு, "எழுதலை. அந்தக் குழந்தையையே எழுதச் சொல்லுங்க"ன்னார்.

வர்ற ஞாயிறு காலை பூஜைக்கு அப்புறம் மண்டபத்துல ரேவதி கதை. அந்தப் பொண்ணு நாலு பக்கம் எழுதிட்டு வர்றதாச் சொல்லியிருக்கு, பாதி தமிழ், பாதி ஆங்கிலம். ஆங்கிலப் புத்தகத்தையும் கொண்டு வரச் சொல்லியிருக்கோம். பாட்டிக்கும் சொல்லியாச்சு, முன் வரிசையில உட்காருறேன்னாங்க. காலணியை வெளியே அடுக்கில வெச்சுட்டு வாங்க, மண்டபம் அன்னிக்குக் கொஞ்சம் நெருக்கடியா இருக்கும். கேசரிப் பிரசாத உபயம் இன்னும் யாரும் எடுத்துக்கலை, விருப்பம் இருக்கிறவங்க அலுவலகத்துல சொல்லுங்க.